கதவுக்கு அடித்த கலப்பத்து

பிரேக் இன்ஸ்பெக்டர் வளனின் காரை ஒரே ஒரு தடவைதான் சுற்றி வந்தார். முன் மட்கார்டின் மேல் குடைக்கம்பியை வைத்து லேசாக அழுத்தினார். கம்பி உள்ளே போய்விட்டது. டிரைவர் பக்கக் கதவின் அடியில் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். துரு பொலபொலவென்று அவர் காலிலேயே கொட்டியது.

"இது காரா, முறுக்கா?" என்றார்.

வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் சிரித்தார்கள். வளன் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் பெயர் மதுசூதனன். ஸ்ரீவைகுண்டத்துக்காரர். திருநெல்வேலியிலிருந்து மாதத்தில் இரண்டு நாள் வந்து, மைதானத்தில் மேஜை போட்டு, வண்டிகளைப் பார்த்துச் சான்று எழுதிக் கொடுப்பார். எதற்கும் மசியாதவர். அதனாலேயே அவரை யாருக்கும் பிடிக்காது.

"அடுத்த தடவை வரும்போது ரெண்டு மட்கார்டும் அந்தக் கதவும் புதுசா இருக்கணும். இல்லேன்னா பெர்மிட்டை மறந்துடு. அது மாசக் கடைசியோட முடியறது," என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

எழுபத்தேழாம் வருஷம், ஐப்பசி மாதம். பழைய சொந்தக்காரரிடமிருந்து காரோடு சேர்ந்து வந்த டாக்ஸி பெர்மிட் அது. விட்டால் இன்னொன்று கிடைக்காது. வளனுக்கு வேறு போக்கிடமும் இல்லை. பதினோரு வருஷம் சங்கு குளித்தவன். போன பருவத்தில் ஒன்பது பாகம், ஐம்பது அடிக்கு மேல், ஆழத்தில் வலது காது வெடித்து, ரத்தத்தோடு மேலே வந்தான். ஆஸ்பத்திரி டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை முங்கினால் மற்ற காதும் போகும், காதோடு நின்றால் சந்தோஷப்பட்டுக்கொள். சங்குக்காரர்கள் கார்த்திகையில் இறங்குவார்கள். கார் ஓடாவிட்டால் வளனும் இறங்கித்தான் ஆக வேண்டும். வீட்டில் இருந்ததையெல்லாம் வாரிக் கொடுத்து வாங்கிய கார் அது.

போனது வலது காதாக இருந்ததில் அவன் மனைவி கிளாடிஸ் ஒரு நல்லதைக் கண்டுபிடித்திருந்தாள். "டிரைவர் சீட்டுல இருந்தா பேசுதவங்க எல்லாம் இடப்பக்கம்தான இருப்பாங்க. வலப்பக்கம் காத்துதான். காத்து பேசுததக் கேட்டு என்ன செய்யப் போறீங்க?"

கார் பன்னிரண்டு வருஷத்து அம்பாசடர். எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. உடம்பைத்தான் உப்புக்காற்று தின்றுவிட்டிருந்தது. தூத்துக்குடியில் தகரத்துக்கு ஆயுசு கம்மி. ஒர்க்ஷாப்புக்காரர்களைப் போய்க் கேட்டான். மழை வலுப்பதற்கு முன்னால் அளத்து உப்பை ஏற்றி முடிக்கவேண்டும் என்று லாரிகள் வரிசைகட்டி நின்றன. தீபாவளி கழித்து வா என்றார்கள். கம்பெனிச் சாமான் வேண்டுமென்றால் பொங்கல் கழித்து வா என்றார்கள். கடைசியில் ஒருவர்தான் வழி சொன்னார். மதுரையில் ஒரு பட்டறையில் கம்பெனி அச்சைப் பார்த்துத் தகட்டில் அடித்தே மட்கார்டும் கதவும் செய்கிறார்களாம். மாட்டுவது உன் பாடு.

மதுரைக்கு உப்பு கொண்டுபோன லாரி ஒன்று திரும்பும்போது அவற்றைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கியது. இரண்டு மட்கார்டு, ஒரு கதவு. செங்காவி நிறத்தில் பூச்சு அடித்து, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. பழைய மட்கார்டைக் கழற்றவே வளனுக்கு ஒரு நாள் பிடித்தது. துருவேறிய போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, ஸ்பானர் வைத்துத் திருகினால் நட்டுக்குப் பதில் தகடு கையோடு வந்தது. மறுநாள் புதியதைத் தூக்கி வைத்துப் பார்த்தான். ஒரு ஓட்டை பொருந்தினால் அடுத்த ஓட்டை அரை அங்குலம் தள்ளி நின்றது. அதைப் பொருத்தினால் முதல் ஓட்டை கோணிக்கொண்டது. கிளாடிஸ் கனத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"மாப்பிள்ளைக்குக் கார் இருக்குன்னு எங்க அப்பா சொல்லவே இல்ல," என்றாள். "சொல்லிருந்தா அன்னைக்கே வேண்டாம்னுருப்பேன்."

"பேசாம பிடி."

"பிடிச்சிட்டுதான இருக்கேன். வாயாலயா பிடிக்கேன்?"

வளன் சுத்தியலை எடுத்து ஓங்கி ஒன்று வைத்தான். புது மட்கார்டில் கையளவு பள்ளம் விழுந்தது. கிளாடிஸ் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மட்கார்டை மெதுவாகத் தரையில் இறக்கினாள். முந்தானையை உதறிவிட்டு, "எங்க அண்ணன வரச் சொல்லுதேன்," என்று நடந்துவிட்டாள்.

அவள் அண்ணன் பர்னபாஸ் கலப்பத்துக்காரர். தோணிப் பலகைகளின் இடுக்கில், எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தில் தோய்த்த பஞ்சை வைத்து, உளியால் இறுக்கி அடித்துத் தண்ணீர் புகாமல் அடைக்கிற வேலை. அவர் அடைத்த தோணி மாலத்தீவுக்குப் போய்த் திரும்பும்வரை தண்ணீர் இறைக்கிற ஆள் தூங்கிக்கொண்டு வரலாம் என்று துறையில் பேச்சு. அந்தப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்ததால் ஆள் கொஞ்சம் விறைப்பாகத்தான் நடப்பார். அந்த ஐப்பசியில் அவருக்கு ஒரு எதிர்பார்ப்பும் இருந்தது. சொந்தத் தோணி ஓட்டுகிற விக்டர் தண்டல் பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு பெரிய தோணி கட்டிக்கொண்டிருந்தார். பலகை வேலை முடிகிற சமயம். கலப்பத்துக்கு யாரைக் கூப்பிடுவார் என்று தெரியவில்லை.

பர்னபாஸ் வந்தார். பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஏலே மாப்ள, இது யாரு செஞ்ச வேல?"

"நாந்தான் மச்சான்."

"சங்கு உடைக்குத மாதிரி உடைச்சிருக்க."

அவ்வளவுதான் திட்டு. பையைப் பிரித்தார். கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல், மர ஆப்பு, அரம். மட்கார்டின் பின்னால் சணல் மூட்டையைக் கொடுத்து, முன்னால் கொட்டாப்புளியால் பொட்டுப் பொட்டென்று தட்டி, காலைக் கஞ்சி ஆறுவதற்குள் பள்ளத்தை எடுத்துவிட்டார். பிறகு சட்டிக் கரியை எண்ணெயில் குழைத்து, காரின் விளிம்பில் பூசினார். மட்கார்டை வைத்து அழுத்தி எடுத்தார். கரி எங்கே ஒட்டியதோ அங்கே மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி அழுத்து, மறுபடி இழுப்பு. தோணிக்குப் பலகை சேர்க்கிற முறை அது. பொருந்தாத போல்ட் ஓட்டைகளை வட்ட அரத்தால் நீட்டினார். மூன்றாம் நாள் சாயந்திரம் இரண்டு மட்கார்டும் காரோடு பிறந்தவை மாதிரி உட்கார்ந்துவிட்டன. சந்தில் விரல்நகம் நுழையவில்லை.

வளன் போகிற வருகிற நேரமெல்லாம் அந்தச் சந்தைத் தடவிக்கொண்டு போனான்.

நான்காம் நாள் கதவு. பர்னபாஸ் கதவைத் தலைகீழாக நிறுத்தி அடிப்பாகத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. அடித்தகட்டில் சுண்டுவிரல் நுழைகிற அளவில் மூன்று ஓட்டைகள்.

"பாத்தியாலே மதுரைக்காரன் லட்சணத்த? ஆணியத் தப்பா அடிச்சு, அப்படியே பெயிண்டப் பூசி அனுப்பிட்டான்."

"ஓட்டை இருக்கணுமோ என்னவோ, மச்சான்."

"எங்கனயாவது அடியில ஓட்டை இருக்கணும்னு ஒருத்தன் சொல்லி நீ கேட்டிருக்கியா?"

வளன் கேட்டதில்லை. பழைய கதவைப் புரட்டிப் பார்த்தான். அதற்கு அடிப்பாகமே இல்லை, துருவாக உதிர்ந்து போயிருந்தது. மற்ற மூன்று கதவுகளின் அடியிலும் பன்னிரண்டு வருஷத்து மண்ணும் பெயிண்டும் கல்லாக அப்பிக் கிடந்தன. ஓட்டை இருப்பதாகத் தெரியவில்லை. இருவரும் கடலில் பிழைத்தவர்கள். அடியில் இருக்கிற ஓட்டை அடைக்க வேண்டிய ஓட்டைதான். அதற்கு மேல் யோசிக்க அவர்களுக்கு எதுவும் இல்லை.

பர்னபாஸ் குங்கிலியத்தைக் காய்ச்சினார். பஞ்சைத் திரித்துத் தோய்த்து, கதவின் உள்பக்கம் கைவிட்டு ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்து, சின்ன உளியால் டொக் டொக்கென்று ஏற்றினார். தகடு சேர்கிற இடம் முழுக்க ஒரு வரி ஓட்டினார். ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் கதவை இரண்டு கல்லுக்கு நடுவில் நிறுத்தி, கண்ணாடி இறங்குகிற இடுக்கு வழியாக இரண்டு குடம் தண்ணீரை உள்ளே ஊற்றச் சொன்னார். கிளாடிஸ் ஊற்றினாள். மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பர்னபாஸ் ஒரு பீடி பற்ற வைத்து முழுசாக இழுத்து முடித்தார். கீழே மண் காய்ந்தே இருந்தது.

"சொட்டு?" என்றார்.

"சொட்டு இல்ல, அண்ணே," என்றாள் கிளாடிஸ்.

"இந்தக் கதவ மட்டும் தனியாக் கடல்ல விட்டா கொழும்புக்குப் போவும்."

கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கதவைக் கீலில் மாட்டினார்கள். ஒரே தள்ளு. டக்கென்று பூட்டிக்கொண்டது. கறுப்புப் பெயிண்டை வளனே அடித்தான். அன்று கிளாடிஸ் சாளைமீன் குழம்பு வைத்தாள். பர்னபாஸ் நாலு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சான்று வாங்கப் போகிற நாளில் விடிந்ததிலிருந்தே மழை. அந்த வருஷத்தின் முதல் கனமழை. தன் வேலை தேறுவதைப் பார்க்க வேண்டுமென்று பர்னபாஸும் கூட வந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். மைதானத்தில் இன்ஸ்பெக்டருக்குக் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். முன்னால் ஏழு வண்டி. வளன் வரிசையில் நிறுத்தி இரண்டரை மணி நேரம் காத்திருந்தான். மதுரைக் கதவில் கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் இல்லை. அதைப் பட்டறைக்காரர்கள் தரவுமில்லை, இவர்கள் கேட்கவுமில்லை. கண்ணாடியில் வழிந்த மழையெல்லாம் இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. கதவை ஒட்டி உட்கார்ந்தவனுக்குச் சத்தம் கேட்டிருக்கும். ஆனால் அது வளனுக்கு வலப்பக்கம்.

அவன் முறை வந்தது. இறங்குவதற்குக் கதவைத் திறந்தான். கை கனத்தது. சாத்தினான், பூட்டவில்லை. கதவு ஒரு விரல்கடை கீழே இறங்கி நின்றது. மறுபடி தள்ளினான். களக் என்றது.

இன்ஸ்பெக்டர் மட்கார்டைப் பார்த்தார். சந்தில் குடைக்கம்பியை வைத்துப் பார்த்தார், நுழையவில்லை. தலையை ஆட்டினார். வளனுக்கு மூச்சு வந்தது. பிறகு கதவுக்கு வந்தார். பிடித்து ஆட்டினார். களக் களக்.

"என்னய்யா இது, உள்ளே இளநீரா?"

கொட்டகையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. குனிந்து அடிப்பாகத்தைத் தடவினார்.

"தண்ணி வடியற ஓட்டை எங்கே?"

வளனுக்கு அந்தக் கேள்வியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. பர்னபாஸுக்கும் விளங்கியிருக்க வேண்டும். அவர் முகத்தை வளன் பார்க்கவில்லை.

"கதவுன்னா மேலே தண்ணி போகும், கீழே வடியும். நீ குடம் மாதிரி செஞ்சு வெச்சிருக்கே. இந்தக் கனத்துக்கு ஓட்டத்திலே கதவு திறந்துண்டா நீ ரோட்டிலே கிடப்பே. யார் அடைச்சது இதை?"

வளன் பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் கொட்டகைக் கால் ஓரமாக நின்றவரைக் கண்டான். விக்டர் தண்டல். தன் வேனுக்குச் சான்று வாங்க வந்தவர், கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். 

"நாந்தான் சார் அடைச்சேன்," என்றான் வளன்.

"அப்போ நீயே எடு. ஒரு மணிக்குப் புஸ்தகத்தை மூடிடுவேன். அதுக்குள்ளே தண்ணி வடிஞ்சு கதவு பூட்டணும். இல்லேன்னா நான் ஒண்ணும் செய்யறதுக்கில்லை."

மணி பன்னிரண்டே முக்கால். வளன் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு காருக்கடியில் சேற்றில் படுத்தான். குத்தினான். கல்லில் குத்திய மாதிரி இருந்தது. நெம்பினான். நுனி வழுக்கிப் புதுப் பெயிண்டைக் கிழித்தது. உள்ளே ஆணித்தலை மாதிரிப் பரந்து உட்கார்ந்திருந்தது பஞ்சு. மாலத்தீவுக் கடல் உருவ முடியாததை இவன் எங்கே உருவுவது? சுத்தியலால் ஸ்குரூ டிரைவரின் தலையில் அடித்தான். தகடு உள்வாங்கியது, அடைப்பு அசையவில்லை. கார்த்திகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று மனம் தன்பாட்டில் எண்ணத் தொடங்கியது.

தன் வேலையைத் தானே உருவுகிற கலப்பத்துக்காரனைப் பற்றித் துறையில் ஒரு பேச்சுத்தான் உண்டு: அடைத்தபோதே அவனுக்கு நம்பிக்கை இல்லை. ஒரு தோணிக்காரன் அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், ஊருக்கே தெரிந்துவிடும். பர்னபாஸ் அங்கேயே நின்றிருக்கலாம். வளன் சொன்ன பொய் அவரை அழகாக மூடி வைத்திருந்தது. கிளாடிஸுக்குக்கூடத் தெரிய வேண்டியதில்லை.

வளனின் காலை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

"வெலகுலே," என்றார் பர்னபாஸ். "இது உன் கைக்கு வராது. எங்கையி அடைச்சது." கொட்டகைக்கே கேட்கிற குரலில் சொன்னார். தண்டல் நின்ற பக்கம் அவர் திரும்பவே இல்லை.

வெள்ளை வேட்டியோடு சேற்றில் மல்லாந்து படுத்தார். இடுப்பிலிருந்து வளைந்த கம்பி ஒன்றை எடுத்து, முதல் ஓட்டையின் ஓரத்தில் நுழைத்துத் திருகினார். முதலில் ஒரு நூல் வந்தது. அப்புறம் இரண்டு. திரியைப் பல்லால் கடித்துக்கூட இழுத்தார். முதல் அடைப்பு வந்ததும் தண்ணீர் குழாய் மாதிரி நேராக அவர் முகத்தில் பாய்ந்தது. மூக்கிலும் வாயிலும் ஏறியது. இருமினார். லாரி டிரைவர் ஒருவன், "அண்ணாச்சி, சோப்பு வேணுமா?" என்றான். அதற்கும் சிரிப்பு. பர்னபாஸ் அடுத்த ஓட்டைக்கு நகர்ந்தார். இரண்டாவது. மூன்றாவது. கதவு காலியாகக் காலியாக, அழுத்தி வைத்த பிள்ளை எழுந்து நிற்பது போல மெல்ல மேலே வந்தது.

வளன் சாத்தினான். டக்.

இன்ஸ்பெக்டர் தானே இரண்டு தடவை திறந்து சாத்திப் பார்த்தார். மேஜைக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார். எழுதிக்கொண்டே சொன்னார், "இந்த ஆளை என் வீட்டு மொட்டை மாடிக்கு அனுப்பி வை. மூணு வருஷமா ஒழுகறது."

வளன் சான்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்பியபோது தண்டல் குடையை விரித்துக்கொண்டு தன் வேனுக்குப் போய்க்கொண்டிருந்தார். சேற்று வேட்டியோடு சீட்டில் உட்கார மாட்டேன் என்று நின்ற பர்னபாஸை வளன் தோளைப் பிடித்து அமுக்கித்தான் உட்கார வைத்தான்.

விக்டர் தண்டல் தன் தோணிக்குக் கீழவைப்பாரிலிருந்து வேறொரு கலப்பத்துக்காரரைக் கூட்டி வந்தார். காரணம் அன்றைக்கு மைதானத்தில் பார்த்ததுதானா, முதலிலேயே அப்படி நினைத்திருந்தாரா, யாருக்கும் தெரியாது. தண்டலிடம் போய்க் கேட்கிறேன் என்று வளன் இரண்டு தடவை கிளம்பினான். இரண்டு தடவையும் பர்னபாஸ் கெட்ட வார்த்தையில் திட்டி நிறுத்தினார். மார்கழியில் கொச்சியிலிருந்து ஒரு ஆள் வந்து அவரைக் கூப்பிட்டார். பங்குனிவரை அங்கே வேலை. பொண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் சங்குக்காரர்கள் கடலில் இருந்தார்கள். வளன் ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் இருந்தான். வண்டி ஓடியது. வீட்டில் உலை கொதித்தது. ராத்திரியில் இடது காதைத் தலையணையில் வைத்துப் படுத்தால் ஒன்றுமே கேட்காது. அதனால் மல்லாந்து படுத்து, கிளாடிஸ் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

பர்னபாஸ் கிளம்புகிற காலையில் அவரைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனது வளன்தான். டிரங்குப் பெட்டியை டிக்கியிலிருந்து இறக்கி, திருநெல்வேலி பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டினான். இறங்கி வந்து பக்கத்தில் நின்றான். இந்த மாதிரி விஷயத்தைப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. அவன் வீட்டில் யாருக்குமே பழக்கமில்லை.

"மச்சான்," என்றான். "அன்னைக்கு நீங்க சேத்துல படுக்கலேன்னா, இன்னைக்கு நான் கடலுக்கு அடியில கெடந்திருப்பேன்."

"நீ எங்க கெடக்கப் போற? காது வலிக்குதுன்னு அழுதுட்டு மேல வந்திருப்ப."

"சிரிக்காதீங்க மச்சான். நெசமாச் சொல்லுதேன். உங்க தோணி போச்சு. எனக்காகத்தான் போச்சு. அத நான் மறக்க மாட்டேன்."

பர்னபாஸ் சிரிப்பை நிறுத்தினார். பீடிக்கட்டை எடுத்தார், திரும்ப உள்ளே வைத்தார்.

"தோணி வரும், போவும்லே. எனக்குப் பதினாலு வயசுல நான் அடைச்ச ஒரு வள்ளம் ஒழுகிச்சு. யாரு அடைச்சதுன்னு தண்டல் கேட்டாரு. எங்க அப்பன் பக்கத்துல நின்ன எஞ்செவிட்டுல ஒண்ணு குடுத்து, இந்தப் பயதான்னு சொன்னாரு. எனக்காக ஒருத்தன் 'நாந்தான்'னு சொன்னது நீதான் மொதல்ல. அதுக்கப்புறம் நான் எப்படி அங்கன நிக்க?"

கண்டக்டர் விசில் கொடுத்தான். பர்னபாஸ் படியில் ஏறிக்கொண்டார். வளன் ஜன்னலோரம் வந்து நின்றான். பஸ் எஞ்சின் சத்தத்தில் அவர் இன்னும் ஏதோ சொன்னார். வளன் தலையைத் திருப்பி இடது காதைக் கொடுத்தான்.

"மதுரைக்காரனுக்கு ஒரு காயிதம் போட்டு அந்த ரப்பர வாங்கி மாட்டுலேன்னேன். மழை இன்னும் இருக்கு."

"மாட்டிருதேன் மச்சான்."

பஸ் போனது. புகை கலையும்வரை வளன் நின்றான். பிறகு கடைக்குப் போய் ஒரு தபால் கார்டு வாங்கி, காரின் பானெட்டின் மேல் வைத்து, பட்டறைக்கு எழுத ஆரம்பித்தான்.